கொலைகாரர் என்று ஒரு சான்றிதழ்

எனக்குப் பிறகு திடீர் மரண விசாரணை அதிகாரியாக வந்திருப்பவர் லிங்கநகரைச் சேர்ந்த ஒரு பெண். முன்னாள் ஆசிரியை, என்னைவிடக் கெட்டிக்காரி. நான் ஓட்டோ பிடித்து, வழி விசாரித்து, வியர்த்துக் கொட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்த இடங்களுக்கெல்லாம் அவர் புறப்படுவதற்கு முன்பே படங்கள் அவருடைய கைபேசிக்கு வந்துவிடுகின்றன. காலைச் சாப்பாட்டோடு பார்த்து முடித்துவிடுவாராம். அந்தத் துணிவு எனக்குக் கடைசி நாள்வரைக்கும் வரவில்லை.

போன மாதம் அவர் வீட்டுக்கு வந்தார். மாவட்டத்து விசாரணை அதிகாரிகள் சேர்ந்து ஒரு மலர் வெளியிடப் போகிறார்களாம். மூத்தவர் என்ற முறையில் நான் என் அனுபவத்தை எழுதித் தர வேண்டுமாம்.

"தலைப்பையும் நாங்களே யோசிச்சு வைச்சிட்டம் சேர். 'மறக்க முடியாத பிரேதங்கள்'."

"பிள்ளை, கேட்கக் கலியாண அல்பம் மாதிரியெல்லோ கிடக்கு."

"அப்ப நீங்களே ஒண்டு வையுங்கோ. ஆனா சுவாரசியமாய் எழுதுங்கோ, சேர். கொலை கிலை எண்டு ஏதும்."

அங்கேதான் சிக்கல். கொலை என்று சந்தேகம் தட்டிய உடனேயே பொலிசும் நீதவானும் வந்து அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். எனக்கு மிஞ்சியவை தென்னையிலிருந்து விழுந்தவர்கள், கிணற்றுக்குள் விழுந்தவர்கள், பஸ்சில் சன்னலோரம் இருந்தபடியே போய்ச் சேர்ந்தவர்கள். ஒரு கொலையை முழுதாக எடுத்து நிறுத்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் கிடைத்தது. அதுவும் செத்தவர், கொன்றதாகச் சொல்லப்பட்டவர், சாட்சிகள் என்று சம்பந்தப்பட்ட அத்தனை பேரும் மண்ணோடு மண்ணாகிப் பல காலம் ஆன பிறகு.

அதைச் சொல்வதற்கு முதல் நான் எப்படி இந்த வேலைக்கு வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதவிக்கு மருத்துவம் தெரிய வேண்டியதில்லை. சட்டமும் தெரிய வேண்டியதில்லை. ஊரில் மதிப்புள்ளவராக இருந்தால் போதும். நான் ஒரு சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்தவன். எனக்கு என்ன மதிப்பு இருந்தது என்று இன்றுவரைக்கும் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்ணாடி போட்டிருந்தேன். கண்ணாடி போட்டவன் யோசிக்கிறவன் என்று எங்கள் ஊரில் ஒரு எண்ணம் உண்டு. நான் இரவல் வாங்கி வாசித்த துப்பறியும் நாவல்கள் ஒரு தோணி பாரம் இருக்கும். நியமனம் வந்த அன்று, அந்த நாவல்களெல்லாம் வீண்போகவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன்.

பயிற்சி என்று தனியாக ஒன்றும் கிடையாது. அப்போது மூத்த அதிகாரியாக இருந்த கணபதிப்பிள்ளை ஐயாவுக்குப் பின்னால் சில மாதங்கள் திரிந்தேன். முதல் கிழமை மயங்கி விழுந்தேன். இரண்டாம் கிழமை மயங்கி விழாமல் சுவரில் சாய்ந்துகொள்ளப் பழகினேன். அதோடு பயிற்சி முடிந்தது.

கணபதிப்பிள்ளை ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கறுப்புக் குடை, வெள்ளை நாஷனல் சட்டை, வெற்றிலைச் சிவப்பு இல்லாத வாய். ஆஸ்பத்திரிப் பிரேத அறையின் விறாந்தைக்கு வந்ததும் அவர் முதலில் கேட்பது கதிரை. தனக்கல்ல. செத்தவருடைய வீட்டாரில் ஆகவும் மூத்தவர் யாரென்று பார்த்து அவரை இருத்துவார். அவர் இருந்த பிறகுதான் தான் இருப்பார். அடுத்து, "ஆர் இன்னும் தேத்தண்ணி குடிக்கேல்லை?" என்று கேட்பார். குடிக்காதவர் யாரோ அவர்தான் செத்தவருக்கு ஆகவும் நெருங்கியவர் என்று தெரிந்துகொள்வார். அவரிடம் கடைசியாகத்தான் கேள்வி கேட்பார். பிறகு வானத்தைப் பார்ப்பார். கிண்ணியாவிலிருந்தோ மூதூரிலிருந்தோ வந்த முஸ்லிம்களின் பிரேதம் என்றால் பொழுதுபட முன்னம் அடக்க வேண்டும். அதை முதலில் எடுப்பார். சிவயோகபுரத்தார் முணுமுணுத்தால், "உங்களுக்கு ஐயர் வரக் கிடக்கு. அவர் வந்தாப்போலயும் நல்ல நேரம் வரக் கிடக்கு. இருங்கோ" என்பார்.

இதெல்லாம் முடிந்துதான் விசாரணை. வலது கையைத் தூக்கி நாலு விரலை விரிப்பார். பெருவிரலை உள்ளங்கைக்குள் மடித்துக்கொள்வார்.

"ஆர் செத்தது? எங்க? எப்ப? எப்பிடி? இவ்வளவுதான் எங்கட வேலை."

"இந்தப் பெருவிரல், ஐயா?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"இது 'ஏன்'. இதைப் பொலிசு பிடிச்சு இழுக்கட்டும். நீர் இதில தொட்டீர் எண்டால் உம்மட வேலை போகாது, நித்திரை போயிடும்."

நான் தனியாக நடத்திய முதல் விசாரணை உப்புவெளியில். தென்னையிலிருந்து விழுந்த ஒரு மனிதர். அவருடைய மனைவியைக் கதிரையில் இருத்தினேன்; அதுவரைக்கும் சரி. பிறகு, வீட்டுக்கு வந்தவரை நலம் விசாரிக்கும் பழக்கத்தில், "இப்ப அவர் எப்பிடி இருக்கிறார்?" என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மிகவும் மரியாதையாகப் பதில் சொன்னார்:

"அப்பிடியேதான் இருக்கிறார், ஐயா."

கணபதிப்பிள்ளை ஐயா இதைக் கேள்விப்பட்டுக் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்ததாக ஆஸ்பத்திரிச் சிற்றூழியர் சொன்னார். என்னிடம் சொல்லும்போது மட்டும், "முதலாவது கேள்விக்கு நேரான மறுமொழி வந்திருக்கு. நல்ல தொடக்கம்" என்றார்.

இந்த வேலையில் நான் கண்ட ஒன்று உண்டு. வருகிறவர்கள் எல்லாரும் மரணத்தைச் சின்னதாக்கித் தரச் சொல்லித்தான் வருவார்கள். "சறுக்கி விழுந்தது எண்டு போடுங்கோ ஐயா." "நெஞ்சு நோ எண்டே முடியுங்கோ ஐயா." அதில் எவ்வளவுக்கு இணங்கலாம், எங்கே நிற்க வேண்டும் என்பதுதான் இந்த உத்தியோகத்தின் முழுக் கலையும். மரணத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லி என்னிடம் வந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் பெயர் தங்கராசா.

சல்லிப் பக்கத்துக் கரையொன்றில் மீன்பிடிச் சங்கத் தலைவர் அவர். ஏறக்குறைய என் வயது. உடம்பு என்னைப்போல இரண்டு மடங்கு. ஒருநாள் காலை ஒரு நல்ல பாரைமீனோடு வந்தார். மீனை மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கதிரை நுனியில் இருந்தார்.

"ஐயா, எங்கட அப்பப்பா ஒரு கொலை செய்தவர். அதை நீங்கள் ஒருக்கா உறுதிப்படுத்தித் தரவேணும்."

விசயம் இதுதான். அவர்களுடைய கரையில் அரசாங்க உதவியோடு புதிதாக ஒரு வலைமண்டபம் கட்டியிருந்தார்கள். வெயில் படாமல் இருந்து, கிழிந்த வலை பொத்துவதற்கு. அதற்குத் தன் அப்பப்பா கதிர்காமத்தம்பியின் பெயரை வைக்கவேண்டும் என்பது தங்கராசாவின் ஆசை. கதிர்காமத்தம்பி ஏன் பெயர்பெற்றவர் என்றால், வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு துரையைக் கொன்றவர் என்பதால். மேலிடத்தில் கேட்டபோது, கொன்றதாகச் சொல்லப்படுகிறவருடைய பெயரையெல்லாம் வைக்க ஏலாது, பொறுப்பான ஒருவர் விசாரித்து உறுதிசொன்னால் பார்ப்போம் என்று தட்டிக்கழித்துவிட்டார்களாம்.

"பொறுப்பான ஆள் எண்டோடன எனக்கு உங்கட ஞாபகம்தான் வந்தது. செத்தவைக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லுறவர் நீங்கள்தானே."

"தங்கராசா, நான் ஓய்வு எடுத்திட்டன்."

"துரையும் செத்து எத்தினையோ காலம் ஐயா. அவசரமில்லை."

பாரைமீன் குசினிக்குள் போய்விட்டது. அதோடு நான் ஒத்துக்கொண்டதாகிவிட்டது.

கதையைச் சொல்லச் சொன்னேன். தங்கராசா சொல்லவில்லை, நடித்துக் காட்டினார். கொலையுண்டவருடைய பெயர் இப்போது ஒருவருக்கும் தெரியாது. மொட்டைத் துரை என்றுதான் சொல்வார்கள். துறைமுகத்தில் கரி இறக்கும் இடத்துக்கு மேலாளர். வாடை காலத்தில் வெளிக்கடல் கொந்தளிக்கும்போது சல்லிப் பக்கத்தார் துறைமுகத்துக் குடாவுக்குள் வந்து வலை போடுவது வழக்கம். துரைக்கு அது பிடிக்கவில்லை. ஒரு வாடைக்கு வள்ளத்தில் ஆட்களை அனுப்பி வலைகளை அறுத்துப் போட்டார். அடுத்த மாசியில் துரையைக் காணவில்லை. சில நாள் கழித்து உப்புவெளிக் கரையில் தலையில் காயத்தோடு ஒதுங்கினார். தேடியபோது கதிர்காமத்தம்பி ஊரில் இல்லை. மாதக்கணக்கில் தலைமறைவு. பிறகு வந்தார். பொலிசு கூப்பிட்டு விசாரித்துவிட்டு, சாட்சி இல்லாமல் விட்டுவிட்டது.

"துறைமுகத்து வங்கலாவடியில, வள்ளம் கட்டுற இறங்குதுறையில, தனிய நிண்டவன், ஐயா. அப்பப்பா தோணியில வந்தவர். துடுப்பைத் தூக்கி, இந்தா இப்பிடி, ஒரே ஒரு அடி!"

துடுப்பாக எடுத்தது மூலையில் கிடந்த என் குடையை. அது மேலே போய் மின்விசிறியில் பட்டது.

"ஆரைக் கொல்லுறீங்கள் அங்க?" என்று குசினிக்குள்ளிருந்து மனைவி கேட்டாள்.

"ஒரு துரையைத்தான். நீ மீனைப் பார்" என்றேன்.

"சாட்சி ஆர் தங்கராசா? அடிச்சதை ஆர் கண்டது?"

"சாட்சி இருக்கு." ஒரு பழைய சாரத் துணியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து அவிழ்த்தார். உள்ளே ஒரு சப்பாத்து. தடித்த தோல், இடது கால், உப்புத் தின்று பலகைபோல் விறைத்திருந்தது. "துரையின்ர. அப்பப்பா கழட்டிக்கொண்டு வந்தவர். எங்கட அலுமாரியில சாமிப் படங்களுக்குக் கீழ்த்தட்டில இருக்கிறது. ஆரும் வந்தா காட்டுறனாங்கள்."

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையை மனைவி மஞ்சள் தண்ணீரால் இரண்டு தரம் கழுவினாள். அவள் சொன்னவற்றை இங்கே எழுத முடியாது.

நான் உற்சாகமாக இறங்கினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. நாவல்களில் வருகிற துப்பறிவாளர்கள் போலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கடற்கரையில் நடந்தேன். மணல் சுட்டது. துறைமுகத்துக்குள் விழுந்த பிரேதம் உப்புவெளிக்கு வருமா என்று நாலு கடற்காரரைக் கேட்டேன். நாலு பேரும் நாலு திசையைக் காட்டினார்கள். அந்தக் காலத்து விசாரணைப் பத்திரங்கள் எங்கேயாவது கிடக்குமா என்று தேடினேன்; ஒன்றும் மிஞ்சவில்லை. துரையைக் கொல்லக் கதிர்காமத்தம்பிக்குக் காரணம் இருந்தது என்று ஊரே சொன்னது. உண்மைதான். ஆனால் அந்தத் துரையைக் கொல்லக் காரணம் இல்லாத ஒருவரை அந்தக் காலத்துத் துறைமுகத்தில் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம் போலிருந்தது. அவருக்குக் கீழே கரி சுமந்தவர்கள் இருந்தார்கள். அவரோடு சீட்டாடியவர்கள் இருந்தார்கள்.

மடித்த பெருவிரலைத்தான் இவ்வளவு நாளும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன் என்று பிறகுதான் உறைத்தது. நாலு விரலுக்குத் திரும்பினேன். ஆர் செத்தது? அந்தப் பிரேதத்தைத் துரை என்று அடையாளம் காட்டியவர் யார்? விசாரித்ததில் ஒரு பெயர் வந்தது. துரையின் குசினியில் வேலைசெய்த கிண்ணியாக்காரர் ஒருவர். அவருடைய பேரன் ரவூப் நானா இப்போதும் கிண்ணியாவில் இரும்புக்கடை வைத்திருக்கிறார் என்றார்கள். போனேன்.

ரவூப் நானா ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். துரை என்றதும் தராசை அப்படியே விட்டுவிட்டார்.

"அட, அந்தக் கதையா! வாங்க, உக்காருங்க. எங்கட மூத்தாப்பாதான் மையத்தக் காட்டிக் குடுத்தவரு. மொகம் தெரியாதாம், மீன் கொத்திப் போட்டிருந்திச்சாம். சப்பாத்தப் பாத்துத்தான் சொன்னவரு. ஒவ்வொரு நாளும் அவருதானே பொலிஷ் போடுறது."

"ஒரு சப்பாத்துத்தானே காலில இருந்தது?" என்றேன். சாட்சிக்கு மறுமொழியை எடுத்துக் கொடுப்பது பிழை என்று எனக்குத் தெரியும். அவசரத்தில் வந்துவிட்டது.

"என்ன சேர் கதைக்கிறீங்க! ரெண்டும் காலிலதான் இரிந்திச்சாம். கயிறு கட்டினபடி. அத அவிழ்த்துக் கழட்டினதே மூத்தாப்பாதான். ரெண்டையும் கழுவிக் காய வெச்சுத் துரையிர ஆக்கள்ட்டக் குடுத்தவரு. சாகிறவரைக்கும் அதச் சொல்லிச் சொல்லிக் கவலப்படுவாரு, நல்ல சப்பாத்து, எனக்குத் தந்திரிக்கலாமே எண்டு."

"கடைசியா உயிரோட துரையைக் கண்டது ஆர்?"

ரவூப் நானா கடைக்கு வெளியே எட்டிப் பார்த்தார். பேரப்பிள்ளைகளின் காலத்திலும் அந்த விசயத்துக்கு ஒரு எட்டிப் பார்த்தல் தேவைப்பட்டது.

"அதும் மூத்தாப்பாதான். துரை தானே ஊத்தி ஊத்திக் குடிச்சிட்டு, நிக்க ஏலாம, வங்கலாவடிக்குப் போனவராம். வரவேணாம் எண்டு கைகாட்டினாராம். விடியப் பாத்தா ஆளில்ல. தடுக்கி வுழுந்து தலையில அடிபட்டிரிக்கும். வேறென்ன?"

"அதை ஏன் அப்ப சொல்லேல்லை?"

"ஒரு துரையக் கடைசியாக் கண்டவன் நான்தான் எண்டு எந்தக் குசினிக்காரன் சொல்லுவான்? என்னமோ நடக்கும் எண்டு பயந்துக்கிட்டிரிக்கக்க, சல்லிப் பக்கத்தாரு நாங்கதான் செஞ்ச எண்டு தாங்களாவே பழியத் தூக்கிட்டாங்க. எங்களுக்கு அல்ஹம்துலில்லாஹ், நிம்மதி." பிறகு குரலைத் தாழ்த்தி, "அவங்கட்டச் சொல்லிப்போடாதீங்க சேர். நல்ல மனுசர், அவங்கட பெருமையக் கெடுத்த பாவம் நமக்கு வேணாம்" என்றார்.

திரும்பி வரும் வழியில் பஸ்சில் இருந்து நிறுத்துப் பார்த்தேன். ரவூப் நானாவின் கதையையும் அப்படியே விழுங்க முடியாது. தன்னைக் காப்பாற்ற வேண்டியிருந்த ஒருவருடைய வாக்குமூலம், இரண்டு தலைமுறை கைமாறி வந்தது. ஆனால் சப்பாத்தைப் பற்றிப் பொய் சொல்ல அவருக்கு ஒரு தேவையும் இல்லை. அப்படியென்றால் துரையின் காலில் இரண்டு, தங்கராசாவின் அலுமாரியில் ஒன்று. கொலை செய்ததற்கு ஒரே சாட்சி என்று கொண்டுவந்த பொருள்தான் கொலை செய்யவில்லை என்பதற்கு ஆகச் சிறந்த சாட்சியாக இருந்தது. மிச்சம் இருந்தது ஒன்றுதான்: கதிர்காமத்தம்பி ஏன் ஊரைவிட்டு ஓடினார்?

தங்கராசாவின் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னேன். முற்றத்தில் வலை கிடந்தது. அவருடைய தாய் பூரணம் அம்மா, எண்பதைத் தாண்டியவர், அதன் ஒரு மூலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"அப்ப துரைக்கு மூண்டு காலோ?" என்றார் தங்கராசா.

"ரெண்டு எண்டுதான் எல்லாரும் சொல்லினம்."

"இது மாத்துச் சப்பாத்தா இருக்கும் ஐயா."

"சாகப் போகேக்க மாத்துச் சப்பாத்தும் கொண்டோ போனவர்?"

வலைக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்தது. பூரணம் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "டேய், ஐயாவுக்குச் சோடா ஒண்டு வாங்கிக்கொண்டு வா. வெயிலுக்குள்ளால வந்திருக்கிறார்." மகன் படலையைத் தாண்டும்வரைக்கும் ஊசியைக் குத்திக்கொண்டிருந்தார். பிறகு ஊசியை வைத்தார்.

"தம்பி, அந்தச் சப்பாத்து இவன்ர அப்பப்பா, என்ர மாமா, கரையில கண்டெடுத்தது. நாய் ஒண்டு கவ்விக்கொண்டு திரிஞ்சதாம்."

"அப்ப அவர் ஓடினது?"

"ஓடேல்லை." படலையை இன்னொருமுறை பார்த்தார். பிறகு, மற்ற வீடுகளில் பெண்கள் களவைப் பற்றியோ கள்ளத் தொடர்பைப் பற்றியோ சொல்லும்போது குரல் எந்த அளவுக்குத் தாழுமோ அந்த அளவுக்குத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "தோப்பூருக்கு அருவி வெட்டப் போனவர். நெல்லு வெட்ட. கூலிக்கு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பூரணம் அம்மா விளக்கினார். அந்தக் கரையில், நெல் வெட்டும் தாக்கத்தியைப் பிடித்த கை வலைக்கயிற்றைத் தொட்டால் அந்தப் பருவம் முழுக்க மீன் படாது என்று ஒரு நம்பிக்கையாம். வயலுக்கு இறங்கினவனைத் தோணியில் ஏற்றமாட்டார்களாம். கடலைவிட்டுப் போய் இன்னொருத்தனுடைய வயலில் குனிந்து நின்றவன் என்றால் பெண் கொடுக்கமாட்டார்களாம். வலையை அறுத்தபிறகு வீட்டில் மூன்று பிள்ளைகள் பசி கிடந்தன. மாசி பிறந்ததும் கதிர்காமத்தம்பி ஒருவருக்கும் சொல்லாமல் குடாவைக் கடந்து மூதூரில் இறங்கி, தோப்பூருக்கு நடந்துவிட்டார். துரை செத்தது அவர் போன பிறகு. வெட்டு முடிந்து, வெட்டிய கதிரில் மாடு விட்டுச் சூடு மிதித்து முடிந்து திரும்பி வந்தபோது ஊர் அவரைக் கொலைகாரராகப் பார்த்தது.

"எங்க இருந்தனீ எண்டு பொலிசும் கேட்டது, ஊரும் கேட்டது. மாமா சிரிச்சவராம். வேறயொண்டும் சொல்லேல்லை. மாமிக்கு மட்டும்தான் தெரியும். மாமி எனக்குச் சொன்னவ. நான் என்ர மோனுக்கும் சொல்லேல்லை."

"கொலைப்பழி, அம்மா. தூக்கில போட்டிருப்பாங்கள்."

"ஓம். ஆனா போடேல்லையே." அவர் என்னை நேராகப் பார்த்தார். "இவ்வளவு காலமும் துரையைக் கொலைசெய்தவன்ர மருமோள் எண்டு நிமிந்து நடந்திட்டன் தம்பி. இனிக் கடைசிக் காலத்தில கூலிக்கு வெட்டினவன்ர மருமோள் எண்டு சொல்லவைச்சுப் போடாதேங்கோ. கொலைகாரன் எண்டே எழுதிக் குடுங்கோ."

தங்கராசா சோடாவோடு வந்தார். நான் குடித்தேன். இவ்வளவு காலத்தில் எத்தனையோ வீட்டார் என்னைக் கெஞ்சியிருக்கிறார்கள். குற்றவாளி என்று எழுதித் தரும்படி ஒரு தாய் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. ஒருவர் செய்யாத கொலையைச் செய்தார் என்று எழுதக் கை வராது. செய்யவில்லை என்று எழுதினால், அப்படியென்றால் எங்கே இருந்தார் என்ற கேள்வி அடுத்த நிமிடமே வரும். எங்கள் உத்தியோகத்தில் இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கென்றே ஒரு வழி இருக்கிறது. அதைத் திறந்த தீர்ப்பு என்போம். நடந்தது இன்னதென்று சொல்லச் சாட்சியம் போதாது என்று அர்த்தம். கௌரவமாகக் கையை விரிப்பது.

தீர்ப்பைச் சங்கக் கூட்டத்தில் வைத்துத்தான் சொல்ல வேண்டும் என்று தங்கராசா பிடிவாதமாக நின்றார். ஞாயிற்றுக்கிழமை, மீன் விலைப்பட்ட பிறகு, புது வலைமண்டபத்தில் கரை முழுக்கக் கூடியிருந்தது. பூரணம் அம்மா ஒரு தூணடியில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். சப்பாத்து ஒரு ஸ்டூலில், பூ வைக்காத குறையாக இருந்தது. நான் எழும்பித் தொண்டையைச் செருமினேன். யார், எங்கே, எப்போது, எப்படி என்று விரல் விரலாக விளக்கினேன். கடைசியில், "ஆகவே இந்த மரணம் தொடர்பாக என்னால் வழங்கக்கூடியது திறந்த தீர்ப்பே" என்றேன். நல்ல செந்தமிழில் சொன்னேன். செந்தமிழில் சொன்னால் அடிக்கமாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை.

"எண்டா?" என்றார் ஒருவர்.

"கொண்டவர் எண்டும் சொல்ல ஏலாது. கொல்லேல்லை எண்டும் சொல்ல ஏலாது."

"இதைச் சொல்லவோ பாரை குடுத்தனீ, தங்கராசா?"

சிரிப்பு எழுந்தது. அதில் எழும்பி நின்றார் நவரத்தினம். சங்கத்தில் தங்கராசாவுக்கு எதிர்க்கட்சி. அந்தக் கரைக்கு முதல் இயந்திரப் படகு கொண்டுவந்த தன் தகப்பனுடைய பெயரை மண்டபத்துக்கு வைக்கவேண்டும் என்று நின்றவர்.

"ஐயா மரியாதைக்குச் சுத்தி வளைச்சுச் சொல்லுறார். எனக்கு விளங்கிற்று. மனுசன் கொல்லேல்லை. கொல்லாதவன் ஏன் ஓடினவன்? துரை செத்திட்டான் எண்ட சத்தம் கேட்டே நடுங்கி ஓடியிருக்கிறார்! பயந்தாங்கொள்ளிக்கோ மண்டபம்?"

தங்கராசாவின் பெரிய உடம்பு அப்படியே சுருங்கியது. சப்பாத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். என் திறந்த தீர்ப்புக்குள்ளால் இப்படி ஒன்று நுழைந்து வரும் என்று நான் யோசிக்கவில்லை. கண்ணாடி போட்டவன் எல்லாம் யோசிக்கிறவன் இல்லை.

தூணடியிலிருந்து பூரணம் அம்மா எழும்பினார். தூணைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் எழும்பினார். குரல் மெதுவாக வரவில்லை.

"நவரத்தினம், வாயைக் கழுவிப்போட்டுக் கதை. மாமா ஆருக்கும் பயந்து ஓடேல்லை. துரை சாக முந்தியே தோப்பூருக்குப் போனவர். அருவி வெட்டப் போனவர். ஓம், கூலிக்குத்தான்! வலையை அறுத்துப்போட்டாங்கள். வீட்டில மூண்டு குஞ்சுகள் பசியில கிடந்ததுகள். போனவர், வெட்டினவர், நெல்லுமூட்டை சுமந்துகொண்டு வந்து அதுகளுக்குக் கஞ்சி குடுத்தவர். அந்தக் கஞ்சி குடிச்சுத் தப்பினதில ஒண்டுதான் என்ர மனுசன். இப்ப என்ன செய்யப் போறாய்? எங்கட தோணியைத் தள்ளி வைக்கப் போறியோ? தள்ளி வை!"

தங்கராசா தாயை இதுவரைக்கும் காணாத ஒருவரைப்போல் பார்த்தார். நான் என் செந்தமிழ் முழுவதையும் மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

பின்வரிசையில் வேலுப்பிள்ளை என்ற கிழவர் இருந்தார். கரையில் ஆக மூத்தவர். தாடையைச் சொறிந்துகொண்டு, யாரையும் பார்க்காமல், கூரைக்குச் சொல்வதுபோல் சொன்னார்:

"எங்கட அப்புவும் அந்த மாசி தோப்பூரிலதான் நிண்டவர்."

இன்னொரு பக்கத்திலிருந்து, "எங்கட பெரியப்பாவும்."

"எங்கட அம்மப்பா மூதூரில வெட்டினவர். அம்மா சாகேக்கதான் சொன்னவ."

துரை அறுத்தது ஒருவருடைய வலையை மட்டுமா? ஒவ்வொரு வீடாக, ஒவ்வொருவரும் மற்றவருக்குத் தெரியாமல், குடாவைக் கடந்திருக்கிறார்கள். வயல் வரப்பில் ஒருவரையொருவர் எதிர்ப்பட்டவர்கள்கூட ஊருக்கு வந்து வாய் திறக்கவில்லை. துரையைக் கொன்றதாகச் சந்தேகிக்கக்கூடிய ஆம்பிளை ஒருவராவது அந்த மாசியில் ஊரில் இருந்ததாகத் தெரியவில்லை. கடைசியில் எல்லாருடைய கண்ணும் நவரத்தினத்தில் வந்து நின்றது.

"என்ன பாக்கிறியள்?" என்றார் நவரத்தினம். சால்வையால் கழுத்தைத் துடைத்தார். "எங்கட அப்பப்பா வெட்டேல்லை." இன்னும் பார்த்தார்கள். "சூடு மிதிக்க மட்டும்தான் போனவர். மாட்டோட."

மண்டபம் அதிர்ந்தது. கிழவர் வேலுப்பிள்ளை சிரித்து இருமி, இருமிச் சிரித்து, பக்கத்தில் இருந்தவர் முதுகில் தட்ட வேண்டியிருந்தது. பூரணம் அம்மாகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அந்தச் சத்தத்தில் மண்டபத்தின் பெயரை எல்லாரும் மறந்துபோனார்கள். என்னையும் மறந்துபோனார்கள், அதற்கு நான் நன்றியுள்ளவனாக இருந்தேன்.

சிரிக்காமல் இருந்தவர் தங்கராசா மட்டும்தான். அத்தனை காலம் சாமிப் படத்துக்குக் கீழே வைத்திருந்த ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, துரையும் இல்லாமல், துடுப்பும் இல்லாமல், வெறும் ஆளாக இருந்தார். சனம் கலையத் தொடங்கியதும் சப்பாத்தை ஸ்டூலுக்குக் கீழே வைத்துவிட்டுத் தாயிடம் போனார். நானும் விடைபெறப் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"அம்மா," என்றார் மெதுவாக, "அப்பப்பா நல்லா வெட்டுவாராமோ?"

பூரணம் அம்மா மகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நல்லாவோ? அவர் வரம்பில இறங்கினா மற்றவங்கள் தாக்கத்தியைக் கீழ போட்டிட்டுப் பாத்துக்கொண்டு நிப்பாங்களாம். தோப்பூரில அதுக்கு முந்தியும் இல்லை, பிறகும் இல்லை, அவரைப்போல வெட்டினவன்!"

தங்கராசாவின் முதுகு நிமிர்ந்தது. அங்குமிங்கும் பார்த்து, வெளியே போய்க்கொண்டிருந்த வேலுப்பிள்ளைக் கிழவரை நோக்கி எட்டி நடந்தார், அதை உடனே சொல்ல.

அந்தக் கூற்றுக்கும் சாட்சி இல்லை. நான் கேட்கவில்லை.